உங்க போன் நம்பர் அதேதானா?

செல்லப் பிராணிகளுக்கு மைக்ரோசிப் போடும் வேலையில் ஊசி குத்துவது ஒரு நொடி, "உங்க போன் நம்பர் அதேதானா?" என்று கேட்டுத் திட்டு வாங்குவது ஆயுசு முழுக்க. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மிருக வைத்தியக் கிளினிக்கின் கவுண்டரில் இருக்கிறேன். மற்றவர்களின் நன்மைக்காக அவர்களிடமே ஏச்சு வாங்கும் சக கவுண்டர்வாசிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் மாட்டேன்.

தட்டிப் பாரும்மா

செராஸிலிருந்து ஓர் அங்கிள் வியர்க்க விறுவிறுக்க வந்தார். கேட் திறந்த நேரம் பார்த்து அவருடைய நாய் புரூனோ ஓடிவிட்டான். "சிப்பு போட்டது நீங்கதானே? கம்ப்யூட்டர்ல தட்டிப் பாரும்மா, இப்ப எங்க இருக்கான்னு." சிப் இடம் காட்டாது என்றேன். அது தோலுக்கடியில் அரிசி அளவில் கிடக்கும் ஓர் எண். யாராவது நாயைப் பிடித்து ஸ்கேன் செய்தால் அந்த எண் தெரியும், அதை வைத்துப் பதிவில் தேடினால் உங்கள் போன் நம்பர் கிடைக்கும், அவ்வளவுதான். "அப்ப வெறும் நம்பருக்கா என் நாயக் குத்துனீங்க?" என்று மேசையைத் தட்டினார். நானும் விடவில்லை. "கோவத்த அப்புறம் படுங்க அங்கிள். இப்ப உங்க போன் நம்பரச் சொல்லுங்க." பதிவில் இருந்தது ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட அவர் மகனின் பழைய நம்பர். அவர் ஏச ஏச, நான் மாற்றி முடித்தேன்.

மறுநாள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறை வாசலில் படுத்திருந்த புரூனோவை யாரோ பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோக, அங்கே ஸ்கேன் செய்து நேராக அங்கிளுக்கே போன் போட்டிருக்கிறார்கள். புரூனோவோடு எங்கள் கிளினிக்குக்கு வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"நான்தான் நேத்தே சொன்னேன்லா, சிப்பு கண்டுபிடிச்சிரும்னு! நீதான் முடியாதுன்ன!"

பேர் உள்ள நாய்

மோனோரெயில் தூணுக்கடியில் நடக்க முடியாமல் கிடந்த ஒரு கிழட்டு நாயை, சாப்பாடு டெலிவரி செய்பவர் ஒருவர் தூக்கிவந்து கொடுத்தார். ஸ்கேன் செய்தேன். பெயர் ராணி. போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. பதிவில் உள்ள வீட்டை இடித்து அங்கே கொண்டோ அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். எங்கள் டாக்டர் சுமதிக்கு இளகிய மனசுதான், ஆனால் கூண்டுகள் எல்லாம் நிறைந்திருந்தன. "கவுன்சிலுக்குச் சொல்லிட்டேன் கலா. யாரும் தேடி வரலன்னா அவங்க ஒரு முடிவு எடுப்பாங்க" என்றார். கிழட்டு நாய்க்கு என்ன முடிவு எடுப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நாய்களைப் பிடித்துப்போகும் கவுன்சில் லோரி வந்தது. நான் ராணிக்கு முன்னால் போய் நின்றேன். "இதுக்குப் பேர் இருக்கு அண்ணே. பேர் உள்ள நாயக் குடுக்க மாட்டேன்." லோரிக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். "சரி, நாளைக்கு வரேன் அக்கா" என்று லோரிக்காரர் கிளம்பினார். சாப்பாட்டு நேரத்தில் ராணியின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வாழையிலைக் கடை, மாலை கட்டும் கடை, சேலைக்கடை என்று ஏறி இறங்கினேன். மாலை கட்டும் அக்காதான் கத்தினார்: "ஐயோ, புஷ்பா ஆன்டி நாயிலா இது!"

சாயங்காலம் புஷ்பா ஆன்டி வந்தார். எழ முடியாத ராணி, அவர் குரலைக் கேட்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. ஆன்டி தரையிலேயே உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். மோசடிக்காரர்களின் அழைப்புத் தொல்லை தாங்காமல் நம்பரை மாற்றினாராம். என் கேள்வியை நான் கேட்பதற்குள் அவரே அழுகையும் கோபமுமாகச் சொன்னார்:

"பேங்குக்குச் சொன்னேன், கோயிலுக்குச் சொன்னேன், கேஸ் சிலிண்டர் போடுறவனுக்குக்கூடச் சொன்னேன். நாய்க்கும் சொல்லணும்னு யாரு கண்டா?"

கடைப் பூனை

ஜவுளிக்கடை பாய் ஒரு வெள்ளைப் பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். கடைக்குப் பின்சந்தில் எலும்பும் தோலுமாய் வந்ததாம். தேற்றி, கல்லாவுக்குப் பக்கத்திலேயே படுக்கை போட்டு வைத்திருக்கிறார். சிப் போட வேண்டும் என்றார். ஸ்கேன் செய்தால், ஏற்கெனவே சிப் இருக்கிறது. கிள்ளானில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயர். "அத அழிச்சிட்டு என் பேரப் போடுங்க. சோறு போட்டது நான்" என்றார். முடியாது என்றேன். "நான் இந்தத் தெருவுல எத்தனை வருஷமா இருக்கேன் தெரியுமா?" என்று குரலை உயர்த்தினார். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் கூடையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் பதிவில் இருந்த நம்பருக்கு அழைத்தேன்.

அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வீடு மாறிய அன்று பூனை தப்பி ஓடிவிட்டதாம். அன்றைக்கே பதிவில் புது முகவரியைப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். ரயில் பிடித்து வந்து சேரும்வரை பாய் எழுந்து போகவில்லை. கூடையைப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பெண் பூனையை அள்ளி எடுத்தபோது அது அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பாய் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அப்புறம் திரும்பி நின்றார்.

"மீன் குடுக்காதீங்கம்மா, கக்கிரும். கோழிதான் அதுக்கு ஒத்துக்கும்."

சிரிச்சுக்கிட்டே

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்களைப் பற்றி இணையத்தில் எழுதிவிட்டார்: கவுண்டரில் இருக்கும் பெண் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாள், வீடு மாறினீர்களா, போன் மாறியதா என்று குடைகிறாள். டாக்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "உண்மைதான் டாக்டர், குடையத்தான் செய்றேன். வேற எடத்துல ஒக்கார வெச்சாலும் கேப்பேன்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். டாக்டர் ராணி கிடந்த மூலையைப் பார்த்தார். "கேளு. ஆனா சிரிச்சுக்கிட்டே கேளு."

அப்படியே செய்தேன். அடுத்து வந்தவர் ஒரு குட்டி நாயை அணைத்துப் பிடித்திருந்தார். வாயெல்லாம் பல்லாக, "உங்க போன் நம்பர் அதேதானா?" என்று கேட்டேன். அவர் ஓரடி பின்னால் போனார்.

"நம்பர் மாறிப்போச்சு, எழுதிக்குங்க அக்கா. ஆனா சிரிக்காதீங்க, குட்டி பயப்படுது."

நம்பரை மாற்றுகிறவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கட்டும், என் வாயை மாற்றும் மருந்து மட்டும் எங்கள் கிளினிக்கில் இன்னும் வரவில்லை.