நான் சுரண்டி எடுத்த முற்றம்

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் நான் வரைபடம் வரைபவளாக இருந்தேன். கீழே பாத்திரக் கடை. மேலே ஆறு வரைமேசைகள், எப்போதும் மை வாடை, பின்பக்கம் ரயில் சத்தம். பாஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர், ஆஸ்திரேலியாவில் படித்தவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போது வாய் கசக்கிறது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். தகரக் கூரை. மத்தியானத்தில் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். கைக்குழந்தைகளைக்கூட வெளியே மரத்தில் சாரோங் துணியால் தொட்டில் கட்டித்தான் தூங்க வைப்பார்கள். அதனால் கல்லூரியில் வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எப்படி நுழையும் என்று பாடம் நடத்தியபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. எந்தச் சுவரில் சாயக் கூடாது என்பது என் முதுகுக்குத் தெரியும்.

அலுவலகத்திலும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் விடலாம், மரத்தை வெட்டாமல் கட்டடத்தைத் தள்ளிப் போடலாம், காலையில் சன்னலைத் திறந்தால் பதினொரு மணிவரை ஏர்கான் வேண்டாம், பிழையான அச்சுத்தாளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதலாம். மற்றவர்கள் என்னை 'சன்னல் அக்கா' என்று கேலி செய்தார்கள். பாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஒரு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அங்கே கடைகளும் வீடுகளும் கட்டப் போகிறார்கள். காலி செய்ய வேண்டிய தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு மூலையில் மலிவு விலை அடுக்குமாடி. நிலத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தபோது ஆற்று வளைவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது எங்கள் தோட்டம். என் அக்காவும் அத்தானும் அப்போதும் அங்கேதான் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸிடம் போய் அந்த அடுக்குமாடியை நான் வரைகிறேன் என்றேன். "சரி பிள்ளை, உங்கட ஆக்கள் இருக்கப்போற இடம், நீங்களே செய்யுங்கோ" என்றார்.

ஆறு வாரம் வேறு நினைப்பில்லாமல் வரைந்தேன். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, வெயில் குறுகிய சுவர்களில் மட்டும் அடிக்கும். நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கமும் சன்னல். கதவுக்கு மேலே துளை வைத்த சிமெண்டுக் கல், கதவைச் சாத்தினாலும் காற்று ஓடும். தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற நான்கு தூங்குமூஞ்சி மரங்களுக்காகக் கார் நிறுத்துமிடத்தையே வளைத்தேன். பாஸ் பார்த்துவிட்டு ஒரு கோடுகூட மாற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் நகலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அக்கா வீட்டுத் தரையில் விரித்தேன். பக்கத்து வீட்டார்களும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"இது என்னடி நடுவுல வெள்ளையா?" என்று அக்கா கேட்டாள்.

"முற்றம்க்கா. மேல கூரை இல்ல. காத்து இது வழியா இறங்கி வீட்டுக்குள்ள வரும். மத்தியானம் உள்ளயே படுக்கலாம்."

அத்தானுக்கு அப்போதே மூச்சிரைப்பு இருந்தது. அவர் அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "நெசமாவா? நம்ம ஆளுங்களுக்கு இப்படிக் கட்டுவானுங்களா?"

"நான்தானே அத்தான் வரையறேன்" என்றேன்.

வெளியேற மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த சில குடும்பங்கள் அந்தத் தாளைப் பார்த்த பிறகு காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டன. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பாஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் வரைபடம். அதன் மேல் சிவப்புப் பேனாவால் நிலத்தை வாங்கியவர்கள் கோடு போட்டிருந்தார்கள். கட்டடம் திரும்பியிருந்தது. சாலையோரம் கடைகளுக்கு வேண்டுமாம், அதனால் அடுக்குமாடியின் நீண்ட பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க வேண்டும். முற்றத்தில் மாடிக்கு நான்கு வீடுகள் கூடுதலாக. மரங்கள் இருந்த இடத்தில் கழிவுநீர்க் குளம்.

"பாஸ், இது அடுப்பு மாதிரி ஆயிரும்."

"விளங்குது பிள்ளை. நான் கதைச்சுப் பார்த்தேன். நாங்க செய்யாட்டி வேற ஃபர்ம் செய்யும், இதைவிட மோசமா. சட்டப்படி ஒண்டும் பிழை இல்லை."

"கதவுக்கு மேல அந்தக் கல்லாவது?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "அதையும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். பல வருடம் அந்தக் காட்சியை மனதில் திருத்தித் திருத்தி நடித்துப் பார்த்திருக்கிறேன். உண்மையில் நான் சொன்னது, "எப்ப வேணும் பாஸ்?" என்பதுதான்.

அந்தக் காலத்தில் டிரேசிங் தாளில் போட்ட மையை அழிக்க வேண்டுமென்றால் சவரக் கத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். முற்றத்தின் நான்கு சுவர்களையும் சுரண்டினேன். தாள் கிழியாமல் சுரண்டுவதில் எனக்கு நல்ல பெயர். பிறகு அந்த இடத்தில் நான்கு வீடுகளை வரைந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கட்டடம் எழும்பிவிட்டது.

அவர்களுக்கு மூன்றாவது மாடியில், முற்றமாக இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே வீடு கிடைத்தது. ஒரே பக்கம்தான் சன்னல். அது மேற்கே பார்த்தது. நான் முதல் தடவை போனபோது மத்தியானம் மூன்று மணி. அத்தான் கதவுக்கு வெளியே நடைபாதையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அந்த வரிசை முழுக்க இப்படித்தான் ஆண்களும் கிழவிகளும் படுத்துக் கிடந்தார்கள். தாண்டித் தாண்டித்தான் நடந்தேன்.

அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். முகமெல்லாம் வேர்வை.

"நடுவுல ஒரு முற்றம் போட்டிருந்தியே, எங்கடி?"

"மாத்திட்டாங்கக்கா."

"யாரு மாத்துனா?"

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முதலாளிங்க."

"படத்த யாரு மாத்தி வரைஞ்சா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் கத்தவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். நான் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

தொண்ணூறுகளில் அலுவலகம் வளர்ந்து ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது. அங்கே சன்னலைத் திறக்கவே முடியாது. ஆனால் காலம் மாறியிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சுற்றுச்சூழல் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். பாஸ் ஒரு சுற்றுச்சூழல் குழு அமைத்து என்னைத் தலைவியாக்கினார். "நீங்கதானே முதல்ல இருந்து சொன்னனீங்க" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. நுரைக் கோப்பைக்குப் பதில் பீங்கான் கோப்பை, பழைய தாள் போட நீலப் பெட்டி, விளக்கை அணைக்கச் சொல்லும் ஒட்டுத்தாள். எல்லாம் என் பொறுப்பு.

குழு அமைத்த வருடமே ஒரு விருதுக்கு எங்கள் திட்டங்களை அனுப்பினார்கள். அதில் அந்த அடுக்குமாடியும் இருந்தது. அனுப்பியது என் முதல் வரைபடத்தை, சுரண்டுவதற்கு முன் எடுத்த நகலை. முற்றமும் நான்கு மரங்களுமாக, அழகாக வண்ணம் தீட்டி.

"இது கட்டவே இல்லையே பாஸ்" என்றேன்.

"கருத்துக்குத்தான் பரிசு, பிள்ளை. கட்டும்போது கொஞ்சம் மாறும்தானே."

பரிசு கிடைத்தது. படம் எடுத்தபோது என்னை நடுவில் நிறுத்தினார்கள். நின்றேன். சிரிக்கவும் சிரித்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், கதவுக்கு மேலே சுவரை உடைத்துத் துளைக் கல் வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கொஞ்சம் காற்று வந்தது. அத்தான் நாற்காலியில் ஏறிக் கையை வைத்துப் பார்த்து, "வருதுலா" என்றார். ஒரு மாதத்துக்குள் அந்த வரிசையில் ஏழு வீடுகள் அதையே செய்தன. பிறகு கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கீகரித்த வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை, அடைத்துவிட வேண்டும் என்று. நான் பாஸிடம் போய், அந்தத் துளைகளுக்கு ஒப்புதலாக நம் அலுவலகமே ஒரு கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். இரண்டு முறை நினைவூட்டினேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஆட்கள் வந்து சிமெண்டு பூசி அடைத்துவிட்டுப் போனார்கள்.

அத்தானுக்கு இரைப்பு அதிகமாகி, இருவரும் சுங்கை வே பட்டணத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். அக்கா என்னை ஒதுக்கவில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவாள், சாப்பிட்டாயா என்பாள். ஆனால் என் வேலையைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை. முன்பெல்லாம் தங்கச்சி கட்டடம் வரைகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னவள்.

நான் வேலையை விடவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்த வாரம் குழுவின் மாதக் கூட்டம் இருந்தது. வரவேற்பறையில் எந்தச் செடி வைப்பது என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். ஒருவர் பனைச்செடி நல்லது, உள்ளிருக்கும் காற்றைச் சுத்தமாக்கும் என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பில் அதை நான்தான் எழுதினேன்.