அடி அண்ணாமலையில் கவிழ்ந்த பேரல்

அடி அண்ணாமலையில் ஒரு பேச்சு உலவுகிறது. கிரிவலம் வருகிறவர்களுக்கென்று நேர்ந்து வைத்த தண்ணீர்ப் பேரலை இட்லிக் கடை உண்ணாமலை காலால் உதைத்தாளாம். அதனால்தான் ஊருக்கே காய்ச்சல் வந்ததாம். எனக்குச் சொன்ன எல்லாரும் நேரில் பார்த்தவர்கள். அத்தனை பேர் நின்றிருந்தால் பேரல் இருந்த சந்தில் கால் தூக்கவே இடம் இருந்திருக்காது. ஆகவே நடந்ததை நான் சொல்கிறேன்.

பேரல் உண்ணாமலையின் பக்கத்து வீட்டு வேணுவுடையது. பௌர்ணமிதோறும் வாசலில் நிரப்பி வைப்பார். மிஞ்சியதைக் கொட்ட மாட்டார். சாமி பேரில் வைத்த தண்ணீராம். கோணி போட்டு மூடி, அடுத்த பௌர்ணமிக்கு அதன் மேலேயே ஊற்றுவார். கோணியில் எலி போட்ட ஓட்டை வழியாகக் கொசு உள்ளே போய்ப் பிள்ளை பெற்றது.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு யாரோ டெங்குவோடு நடந்து வந்திருக்க வேண்டும். கொசு அவரைக் கடித்தது, பிறகு எங்கள் தெருவைக் கடித்தது. ஆட்டோ பிரசாத் காய்ச்சலோடு டவுனில் மாமியார் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அங்கிருந்த கொசுக்கள் அவரைக் கடித்து, அந்தத் தெருவுக்கும் பங்கு வைத்தன. மாமியார் வீட்டுக்குப் பிரசாத் கொண்டுபோன ஒரே சீர் அதுதான்.

உண்ணாமலையின் பெரிய மகள் கீர்த்தனா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று நர்ஸ் கேட்டதும், உண்ணாமலை வந்து கோணியைத் தூக்கிப் பார்த்தாள். சின்னவள் மணிமொழிக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை. அவளையாவது காப்பாற்றியாக வேண்டும்.

“வேணு அண்ணா, உள்ள புழு நெளியுது. கொட்டிடுங்க.”

“புழுவும் அண்ணாமலையார் படைச்சதுதாம்மா. அவர் தண்ணிய கொட்டினா பாவம்.”

“அப்ப நீங்களே ஒரு சொம்பு குடிங்க.”

வேணு குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை. மறுநாள் அவர் சந்தைக்குப் போனதும் பேரல் கவிழ்ந்தது. உண்ணாமலை வீட்டில் கொசுவலையும் ஏறியது. அடுத்த வாரம் வேணுவே காய்ச்சலில் படுத்தார். சாமி குத்தம் என்றார்கள். சாமிக்கு விலாசம் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

கீர்த்தனா வீடு திரும்பிவிட்டாள். மணிமொழிக்குக் காய்ச்சல் வரவே இல்லை. ஆனால் கடைக்குத்தான் ஆள் வரத்து கம்மி. நான் போய் நாலு இட்லியை முடித்துக்கொண்டு மெல்லக் கேட்டேன். “ஏம்மா, பேரலை உதைச்சியாமே?”

உண்ணாமலை சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எவன் சொன்னான்? காய்ச்சல் முன்னாடி வந்துச்சு, பேரல் பின்னாடிதான் சாஞ்சுது. சாமி தண்ணிய யாராவது காலால தொடுவாங்களா? கும்பிட்டுட்டு ரெண்டு கையாலயும் கவுத்தேன். மறுபடியும் தேக்கி வெச்சாருன்னா மறுபடியும் கவுப்பேன்.”