முன்கட்டை மாறிய துப்பாக்கி

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் குடியிருப்புக்குப் பின்னால் வேலாயுதம் பட்டறை வைத்திருந்தார். பகலில் ரயில்வே ஃபிட்டர்; மாலையில் தோட்டத்துத் துப்பாக்கிகளுக்கு வைத்தியர். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பிரித்துப் பார்த்து, பூட்டிப் பார்த்துக் கைக்கு வந்த தொழில்.

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பன்றிக் காவல் பார்க்கும் அங்கப்பன் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது மட்டும் அவர் பிரித்தே பார்க்கவில்லை. மோந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாடை.

"யாருப்பா தொடச்சது?"

"வீட்டுக்காரிதான், அண்ணே."

"தலைக்குப் பூசுறத இதுக்கும் பூசிட்டாளா? பூவும் வச்சுவிட்டாளா?"

பட்டறையில் இருந்த தோட்டத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எண்ணெய் பிசினாகி, தோட்டாவை அடிக்கும் இடப்பக்கக் குதிரை ஏறாமல் நிற்கிறது என்று சொல்லி, மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தனுப்பினார்.

அங்கப்பன் மறுபடியும் வந்தான். குழலை மடக்கினால் வலப்பக்கக் குதிரை 'டக்'கென்று ஏறியது. இடப்பக்கம் அசையவில்லை.

"பன்னி முன்னாலயே நின்னுச்சு, அண்ணே. வலது தப்பிருச்சு, இடது வெடிக்கல. இன்னொரு தடவ இப்படின்னா காவல் வேற ஆளுக்குன்னு துரை சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்தினான். "லயத்து வீடுகள்ல அவள எண்ணெய்க்காரின்னு கூப்பிடுறானுங்க. கோவத்துல நானும் அவ கன்னத்துல ஒண்ணு வச்சிட்டேன்."

வேலாயுதம் இப்போதுதான் ஒழுங்காகப் பிரித்தார். வில் முறியவில்லை. குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் தேயவில்லை. பிசின் எங்குமே இல்லை. குதிரையை ஏற்றும் நெம்புகோலை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார், சுகமாக ஏறியது. அப்படியானால் கோளாறு, அந்த நெம்புகோலைத் தள்ளவேண்டிய முன்கட்டையில். குழலுக்கு அடியில் மாட்டும் அந்தக் கட்டையின் இரும்பைத் திருப்பினார். துப்பாக்கியின் எண் ஏழில் முடிந்தது. கட்டையின் எண் எட்டில்.

இந்தக் கோளாறு வருவதற்கு முன்னால், தீபாவளிக்கு முன்பு, இதைத் துடைக்க வாங்கியிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துத் துப்பாக்கியும் இதே மேசையில் கிடந்தது. ஒரே கம்பெனி, ஒரே அச்சு. துடைத்துப் பூட்டும்போது கட்டையை மாற்றி மாட்டியது அவர் கைதான்.

"எண்ணெய்தானேண்ணே?" என்றான் அங்கப்பன்.

ஆமாம் என்றால் முடிந்துபோகும். வேலாயுதத்துக்குக் காது சுட்டது. "நாளைக்கு நானே கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் கட்டையை மாற்றி வாங்கினார். லயத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். கட்டை மாறிய கதையைக் கேட்டுவிட்டு அங்கப்பன் குழலை மடக்கினான். 'டக் டக்.' அவன் தலை நிமிரவில்லை.

அவன் மனைவி நல்லம்மாள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். வேலாயுதம் அவளருகே குனிந்தார்.

"எண்ணெய் இல்லம்மா. நான்தான் கட்டைய மாத்திப் பூட்டிட்டேன்."

"ஊரே சிரிக்கச் சொன்னீங்க, இப்ப காதுக்குள்ள சொல்றீங்க" என்றாள் அவள். "காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வாங்கண்ணே. அங்க சொல்லுங்க."

அன்று அவர் கிள்ளானிலேயே தங்கினார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் வேலாயுதம் முன்னால் வந்தார்.

"எண்ணெய்னு நான் சொன்னது தப்பு..."

பின்வரிசைக்கு எட்டவில்லை.

"சத்தமா, அண்ணே" என்றாள் நல்லம்மாள்.