நாற்பத்தேழாம் இலக்கப் புல்தரை

பாரிஸின் லா சப்பலில் பிரெஞ்சுக் கடிதம் ஒன்று வந்து எங்கள் ஆட்கள் யாரையாவது பயமுறுத்தினால், அவர் ஞாயிறு காலை மெத்ரோப் பாலத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்குத்தான் வருவார். அங்கே கடைசி மேசையில் இராஜதுரை அண்ணை இருப்பார். வயது ஐம்பத்தெட்டு. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிளோஞ்சில், அதாவது பாத்திரம் கழுவுகிற இடத்தில், வேலை. கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவித்தல்களைப் பார்த்துப் பார்த்தே பிரெஞ்சு வாசிக்கப் பழகினாராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தைக் கை நீளத்துக்குப் பிடித்து வாசிப்பார். கூலியென்று ஒன்றும் வாங்கமாட்டார். பால் தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

நல்ல மனிதர். ஆனால் 'விளங்கேல்லை' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. விளங்காத வரி வந்தால் தொண்டையைச் செருமுவார், பிறகு இன்னும் உறுதியான குரலில் விளக்கம் சொல்வார். அவருடைய குரல் உறுதியாகும்போதுதான் நாங்கள் பயப்பட்டிருக்க வேண்டும். நாங்களோ அப்போதுதான் தலையாட்டினோம்.

2023 யூலையில் நானும் ஒரு கடிதத்தோடு போனேன். மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் ஒரு பயணப்பெட்டிக் கடையின் முன்மூலையில் நான் கைபேசி திருத்துகிறேன். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும் இடம், ஆனால் என் பிழைப்பு முழுவதும் அங்கேதான். கடிதம் கடைச் சொந்தக்காரரிடமிருந்து வந்திருந்தது. நான் பிரெஞ்சு கதைப்பேன், சண்டையும் பிடிப்பேன், வாசிக்கத்தான் வராது. அண்ணை தொண்டையைச் செருமினார்.

"சான் றெப்போன்ஸ் எண்டு போட்டிருக்கு, சுகந்தன். பதில் தேவையில்லை எண்டு அர்த்தம். சும்மா ஒரு அறிவித்தல். கிழிச்சுப் போடு."

கிழிக்கவும் பஞ்சிப்பட்டு அதை என் வான் வண்டியின் முன்பெட்டிக்குள் திணித்துவிட்டேன். என் சோம்பல் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

அந்த ஓகஸ்டில் அவருடைய உணவகம் மூன்று கிழமை பூட்டியது. வழக்கமாக அந்த நாட்களிலும் வேறெங்காவது கழுவப் போவார். இந்த முறை அவர் மனைவி தில்லைநாயகி அக்கா விடவில்லை. மகள் விதுர்ஷாவுக்குப் பதினொரு வயது ஆகிவிட்டது, ஒரு தடவையாவது எங்காவது போய்ப் படுத்து எழும்பி வரவேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அண்ணை கணினியில் தேடி நோர்மண்டிக் கடற்கரையில் ஒரு கம்பிங், அதாவது விடுமுறைக்காரர் தங்குகிற வெளி, பிடித்தார். வந்த உறுதிக் கடிதத்தைத் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் காட்டினார். மேலே ஒரு படம்: மரத்தரை, கட்டில், குளிர்பெட்டி எல்லாம் வைத்த துணி வீடு. கீழே 'ஆம்பிளஸ்மோன் நு', அதற்குப் பக்கத்தில் 47.

"ஆம்பிளஸ்மோன் எண்டால் இடம், நு எண்டால் நுமேறோ. சுருக்கிப் போட்டிருக்கிறாங்கள். நாற்பத்தேழாம் நம்பர் வீடு எங்கடை" என்றார். நாலு நாளைக்கு இவ்வளவு மலிவாகப் பிடித்த தன் கெட்டித்தனத்தையும் சேர்த்துச் சொன்னார். நு என்றால் அம்மணம் என்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய மேசையில் இருந்துகொண்டு அவரைத் திருத்துகிற துணிவு எங்கள் ஒருவரிடமும் இருக்கவில்லை.

வான் என்னுடையது என்பதால் நானும் போனேன். சோற்றுக் குக்கர், பத்துக் கிலோ அரிசி, கோழிக்கறி நிரம்பிய சட்டி எல்லாம் ஏற்றினோம். அக்கா மழைக்குக் கட்டுகிற ஒரு பெரிய பச்சைத் தறப்பாளையும் கயிற்றுக் கட்டையும் கொண்டுவந்து வைத்தார். கட்டில் கிடக்கிற இடத்துக்குத் தறப்பாள் என்னத்துக்கு என்று அண்ணை பகிடி பண்ணினார். அக்கா அதை அரிசிப் பைக்கு அடியில் தள்ளினார்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். பாரிஸ் முழுவதும் எங்களுக்கு முன்னமே வந்து நிற்பதுபோல அப்படியொரு சனம். குளிக்கிற இடத்துக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வரிசை, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு ஒரு வரிசை, பதிவு அறைக்கு ஒரு வரிசை. சின்னப்பிள்ளைகள் சைக்கிளில் காலுக்குள்ளால் ஓடினார்கள். நாற்பது நிமிடம் நின்று, நிலப்படம் வாங்கி, நாற்பத்தேழைத் தேடிப் போனோம். இரண்டு பற்றை வேலிகளுக்கு நடுவே ஒரு துண்டுப் புல்தரை இருந்தது. அதன் மூலையில் 47 என்று எழுதிய முளை நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

அண்ணை பதிவு அறைக்குத் திரும்பிப் போய் வீட்டைக் கேட்டார். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. நு என்றால் வெறும் நிலம், கூடாரம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், மின்சாரமும் இதில் சேராது என்று விளக்கினாள். அண்ணை விடவில்லை. நு என்பது நுமேறோ என்று அவளுக்கே பிரெஞ்சு படிப்பித்தார். பின்னால் வரிசையில் நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள். துணி வீடு வேறு கிடைக்குமா என்று நான் கேட்டேன். ஓகஸ்ட் முடியும் மட்டும் எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள். விதுர்ஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அண்ணைமேல் கெட்ட கோபம் வந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா தறப்பாளைப் புல்லில் விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்பத்தெட்டில் தனியாகக் கூடாரம் அடித்திருந்த ஒரு பிரெஞ்சு அம்மா, எழுபது வயதிருக்கும், இரண்டு கம்பும் முளைகளும் மரச்சுத்தியலும் கொண்டுவந்து தந்தார். அக்கா ஒரு பக்கத்தை வானின் கூரையில் கட்டினார், மறுபக்கத்தைக் கம்பில் இழுத்தார், காற்று வருகிற திசையைப் பார்த்து ஓரத்தைத் தாழ்த்தினார். அரை மணித்தியாலம் ஆகவில்லை. அந்த அம்மா, எங்கே பழகினீர்கள் என்று கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"சண்டை முடிஞ்சு செட்டிகுளம் முகாமிலை ஏழு மாதம் தறப்பாளுக்குள்ளைதானே இருந்தனான். அங்கை கட்டத் தெரியாட்டி நனைய வேண்டியதுதான்" என்றார் அக்கா. கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, "இஞ்சை சுத்திவர முள்ளுக்கம்பி இல்லை. நினைச்ச நேரம் வெளிக்கிட்டுக் கடலுக்குப் போகலாம். எனக்கு இது காணும்" என்றார். சொன்னபடியே மகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து என் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி அப்போதுதான் விழித்துக்கொண்டது. பிரெஞ்சில் இரண்டே எழுத்துள்ள சொல்லை இப்படி வாசித்த மனிதர் என் கடைக் கடிதத்தை எப்படி வாசித்திருப்பார்? வானைத் திறந்து முன்பெட்டியைக் கிளறினேன். கசங்கிப்போய் அது கிடந்தது. கொண்டுபோய் அண்ணையின் மடியில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். வாசித்தார். திரும்பவும் தொடங்கினார், இந்த முறை விரலை ஒவ்வொரு சொல்லாக வைத்து. வழக்கமாகத் தொண்டையைச் செருமுகிற இடம் வந்தது. செருமவில்லை.

"சுகந்தன், இது எனக்கு விளங்கேல்லை" என்றார். "அண்டைக்கும் விளங்கேல்லை."

அந்த ஒரு வசனத்துக்காக அவர் எவ்வளவு இறங்கி வந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் எழும்பி, கடிதத்தோடு நாற்பத்தெட்டுக்குப் போனார். அந்த அம்மாவிடம், மதாம், எனக்கு இது விளங்கவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள் என்று நல்ல பிரெஞ்சில் கேட்டார். அந்த அம்மா சொன்ன விளக்கம் இதுதான்: பதில் தேவையில்லை என்பதல்ல, பதில் வராவிட்டால் என்று பொருள். இடத்தைத் தொடர்ந்து வைத்திருக்க விருப்பமென்று ஓகஸ்ட் இருபதுக்குள் நான் பதில் எழுதாவிட்டால், எனக்கு இடம் வேண்டாமென்று எடுத்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று பன்னிரண்டாம் திகதி. எட்டு நாள் இருந்தது.

அந்தி வெயிலில், அந்த அம்மாவின் மடிப்பு மேசையிலேயே அண்ணை பதிலை எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பேனாவை நிறுத்தி, இது சரியா என்று கேட்டார். அந்த அம்மா இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினார். திங்கட்கிழமை ஊருக்குள் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். செப்ரெம்பரில் கடைச் சொந்தக்காரரின் சம்மதம் வந்தது. இன்றைக்கும் அதே மூலையில்தான் இருக்கிறேன்.

மற்ற நாட்கள் சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தன. அக்காவும் மகளும் வானுக்குள் படுத்தார்கள், நாங்கள் இருவரும் தறப்பாளின் கீழே. மின்சாரம் இல்லாமல் குக்கர் பயன்படவில்லை. அந்த அம்மாவின் சின்ன அடுப்பில் சோறு வடித்தோம், அவருக்கும் கோழிக்கறி கொடுத்தோம். மூக்கால் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கழுவுமிடத்து வரிசையில் அண்ணை தன் வேலைக் கை வேகத்தைக் காட்டினார். முன்னுக்கு நின்றவர்களின் கோப்பைகளையும் பிடுங்கிக் கழுவி வரிசையையே குறைத்துவிட்டார். பிளோஞ்சிலிருந்து தப்பி இருநூறு கிலோமீற்றர் வந்து திரும்பவும் தொட்டியில் நிற்கிறாரே என்று அக்கா சிரித்தார். விதுர்ஷா எங்கள் புல்தரையை 'அம்மண வீடு' என்று பிரெஞ்சில் கூப்பிடத் தொடங்கினாள். முதல் நாள் முறைத்த அண்ணை, கடைசி நாள் தானே அப்படிச் சொன்னார்.

செப்ரெம்பர் முதல் ஞாயிறு தேநீர்க் கடைக்குப் போனேன். கடைசி மேசையில் அண்ணைக்கு எதிரே சவரியம்மாள் அக்கா இருந்தார். பொபினியில் இருப்பவர், அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறார், அண்ணையிடம் பத்து வருடமாகக் கடிதம் கொண்டுவருகிறவர். அண்ணை கை நீளத்துக்குப் பிடித்து வாசித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"தங்கச்சி, இந்த வரி எனக்கு விளங்கேல்லை. ஆரிட்டையும் கேட்டுத்தான் சொல்லவேணும்."

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவரியம்மாள் அக்கா கடிதத்தைப் பறித்துக்கொண்டு எழும்பப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"அப்ப மற்ற வரியளை நம்பலாம்" என்றார். "வாசியுங்கோ அண்ணை."