தேங்காய் நின்ற இடம்

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம். மழை இல்லை. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் நட்ட இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகளைப் படம் எடுத்து வரச்சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் அனுப்பியிருந்தார். அப்படித்தான் ஒரு விவசாயியின் வெங்காயக் காட்டுக்குப் போனேன்.

அன்று காலை அவருடைய போரில் புழுதி மட்டும்தான் வந்திருந்தது. இடம் குறித்துக் கொடுத்தவர் பக்கத்து ஊரில் நீரோட்டம் பார்ப்பவர். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடப்பார். கீழே தண்ணீர் இருந்தால் அது எழுந்து நிற்கும். கையில் கிடக்கிற தேங்காய்க்கு எழுந்துகொள்ளப் பெரிய காரணம் வேண்டாம். விரல் ஒரு நெல் அளவு மடங்கினால் போதும், மடக்கியவருக்கே தெரியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குப் பேர் வந்த வழியும் புரிந்தது. தண்ணீர் கண்டவர்கள் டீக்கடைதோறும் அவரைப் பற்றிப் பேசினார்கள். புழுதி கண்டவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

புழுதிக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

"வண்டி ஓடறப்ப தூரமான பொம்பள யாரோ குறுக்க வந்திருக்கா. நீரோட்டம் வெலகிடுச்சு."

மாதவிலக்கோ இல்லையோ, வண்டி ஓடும்போது வந்த பெண் ஒருத்திதான்: போர் ஆட்களுக்குச் சோறு கொண்டுவந்த, அந்த விவசாயியின் மருமகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேதி கேட்டு மாமியார் காட்டுக்கே வந்துவிட்டாள்.

"இவள அவ அப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டுத்தான் அடுத்த போரு."

"எனக்கு இப்ப தூரமே இல்லீங்க மாமா," என்றாள் மருமகள், மாமனாரைப் பார்த்து.

"அத யாரு பாத்தா?" என்றாள் மாமியார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மருமகளின் கணவன் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அவள் பிளஸ் டூ வரை படித்தவள். குரலை உயர்த்தவில்லை. "வெலகின நீரோட்டம் இப்ப எங்கியாச்சும் இருக்கணுமில்ல? ஐயாவ கண்ணக் கட்டிட்டு ரெண்டு தடவ நடக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவையும் ஒரே எடத்துல தேங்கா நின்னா நானே போயிடறேன்."

இதைவிடச் சுத்தமான ஒரு சோதனையை நான் அந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை.

அவர் மறுக்கவில்லை. தன் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. துண்டால் கண்ணைக் கட்டினார்கள். முதல் நடையில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் நின்றது. அங்கே ஒரு கல்லை வைத்தார்கள். அவரைச் சுற்றித் திருப்பி மறுபடி நடக்கவிட்டார்கள். அந்தக் கல்லிலேயே கால் இடறினார். தேங்காய் அசையாமல் படுத்திருந்தது. பிறகு தூரத்தில், வேலியோரமாக எழுந்து நின்றது.

"என்னா ஐயா, தண்ணி பஸ் புடிச்சுப் போயிடுச்சா?" என்றான் ஒரு வண்டிக்காரன்.

அவர் துண்டை அவிழ்த்தார். கல்லைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"இவ இங்க நிக்கிற வரைக்கும் தேங்காய்க்குப் புத்தி தெளியாது."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்? தேங்காயே கொழம்பிப் போச்சு. பேப்பர்ல எழுதுங்க."

ஒரே இடத்தில் நின்றிருந்தாலும் அவள் போக வேண்டும், நிற்காவிட்டாலும் போக வேண்டும் என்றால், என்ன நடந்திருந்தால் அவள் இருந்திருக்கலாம் என்று மாமனாரிடம் கேட்டேன். அவர் மரியாதையாக யோசித்துப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே சார்," என்றார்.

சாயந்திரம் அவளுடைய அப்பா மொபெட்டில் வந்து அழைத்துப் போனார். மறுநாள் வேலியோரம் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவருடைய போர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சொல்லத் தேங்காய் தேவையில்லை. ஆனால் ஊருக்கு இரண்டு விஷயம் உறுதியாகிவிட்டது: நீரோட்டம் பார்ப்பவர் கைராசிக்காரர், அவள் ராசியில்லாதவள்.

வெங்காயம் பிடுங்கும் முன்பே அந்தப் போர் வற்றியது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, இனி மருமகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று மாமியாரிடம் கேட்டேன்.

"எதுக்கு? வயிறெரிஞ்சுகிட்டே போனா. அதான் வத்திடுச்சு."

அடுத்தவர் போரும் வற்றியிருக்கிறதே என்றேன்.

"அவ ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துட்டுத்தானே வண்டில ஏறினா," என்றாள். எறையூர் பக்கம் மகனுக்கு வேறு பெண் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னாள்.