மூன்று முறை கேட்கும் திரை

"வரலை" என்ற சொல்லை அம்மா தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கட்டில் விரிப்பு, திரைச்சீலை, ஆபரேஷன் அங்கி என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். சூடான இஸ்திரி உருளைக்குள் விரிப்பின் ஒரு முனையை அம்மா கொடுப்பாள். மறுபக்கம் இன்னொருத்தி வாங்கி மடிப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்று யாருக்கு எது வந்தாலும், "நாளைக்கு என் ஷிப்டைப் பாத்துக்கிறியாக்கா?" என்று அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவள் "சரி" என்பாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே சரியக்கா.

அப்பா இருந்தவரை மகனிடம் சொல்லிச் சிரிப்பார். "எமன் வந்து கூப்பிட்டாலும் உங்கம்மா, 'சரி, துணியைக் காயப்போட்டுட்டு வர்றேன்'னுதான் சொல்லுவா."

மகன் படித்துவிட்டு மொபைல் செயலி வடிவமைக்கும் வேலைக்குப் போனான். உடற்பயிற்சி வகுப்புகளுக்கு வீட்டிலிருந்தே இடம் பதிவு செய்யும் செயலி. எந்தப் பொத்தான் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், முதலில் அம்மா கையில் கொடுத்துப் பார்த்தான். அவள் ஓய்வு பெற்றிருந்தாள்.

வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறி அவள் விரல் நுனிகள் மழுங்கிப்போயிருந்தன. அவள் தொட்டதைப் பாதி நேரம் திரை உணரவே இல்லை. அவன் பொத்தான்களைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டு மீண்டும் கொடுத்தான்.

"இப்பத்தான்டா தொட்டதும் கேக்குது. முன்னாடி உன்னை மாதிரியே இருந்துச்சு, நாலு தடவை கூப்பிடணும்."

வீட்டுக்குப் பக்கத்துக் கூடத்தில், வயதானவர்களுக்கான காலை வகுப்பில் இடம் பிடித்தாள். கையை உயர்த்துவது, குனிவது, மெதுவாக மூச்சு விடுவது. தானே பதிவு செய்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

"சரி, இப்ப ரத்து பண்ணிப் பாரும்மா."

ரத்து செய்ய மூன்று திரைகளைத் தாண்ட வேண்டும். மேனேஜர் வைக்கச் சொன்னது அது. முதல் திரை, 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். இரண்டாவது, 'உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று சொல்லும். மூன்றாவதில் வாய் தொங்கிய ஒரு முகம். கீழே 'உங்கள் ஆசிரியர் வருத்தப்படுவார்.' ஒவ்வொன்றிலும் 'வருகிறேன்' என்ற பொத்தான் பெரிதாகப் பச்சையில் இருக்கும். மற்றது சாம்பல் நிறத்தில், கடுகளவு.

அம்மா இரண்டாவது திரையில் நின்றாள். பச்சையைத் தொட்டாள்.

"ஏம்மா?"

"மெஷினே மனசு கேக்காம இப்படிக் கேக்குது. நான் எப்படிடா மாட்டேன்னு சொல்றது?"

எத்தனை முறை சோதித்தாலும் அதே இடத்தில் நின்றாள். அவன் அலுவலகத்தில் சொன்னான். "சார், அம்மாவால ரத்து பண்ணவே முடியலை. ஒரே திரையில முடிச்சிடலாம்."

மேனேஜருக்குச் சந்தோஷம். "உங்கம்மா மாதிரி ஆயிரம் பேர் கிடைச்சாப் போதும்ப்பா. அவங்களுக்காகத்தானே இதையே வெச்சிருக்கோம்."

ஒரே திரையில் முடியும் மாதிரி ஒன்றை அவன் வரைந்தும் காட்டினான். "கொல்லைக் கதவை நீயே திறந்து வைக்கிறியா?" என்று கேட்டார் மேனேஜர். செயலி மூன்று திரைகளோடே வெளிவந்தது.

குளிர் தொடங்கியபோது அம்மாவின் கால்கள் வீங்கின. செருப்பு ஏறவில்லை. இதயம் தளர்ந்திருக்கிறது, படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். வகுப்பு நடப்பதோ மாடியில். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, போய்க்கொண்டுதான் இருந்தாள்.

"போனைக் குடும்மா, நான் ரத்து பண்ணிடறேன்."

அவள் போனை மடியில் மறைத்துக்கொண்டாள். "வர்றேன்னு சொன்னது நான். அதை அழிக்க நீ யாருடா?"

பிறகு ஒரு நாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதே ஆஸ்பத்திரி. படுத்ததும் விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். "சூடு பத்தலை. அவசரத்துல உருட்டியிருக்காளுங்க." அதுவரைக்கும் அவள் அம்மாவாகத்தான் இருந்தாள். அடுத்தடுத்த நாள்களில் பேச்சு குறைந்தது. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் அவள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஒரு பிற்பகல் அவள் போன் ஒலித்தது. செயலியின் நினைவூட்டல். அந்த ஓசையையும் அவன்தான் தேர்ந்தெடுத்திருந்தான், மென்மையாக இருக்கட்டும் என்று.

"நாளைக்கு வகுப்பா?"

"ஆமாம்மா."

கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு போனை அவன் பக்கம் தள்ளினாள். "நான் வரலைன்னு சொல்லிடுடா."

நிச்சயமாகவா என்று கேட்க அவனுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ரத்து பொத்தானைத் தொட்டான். நிச்சயமாகவா என்றது திரை. கடுகளவுப் பொத்தானைக் குறிபார்த்து அழுத்தினான். உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றது.

"என்னடா சொல்லுது? கோவிச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. உடனே சரின்னுடுச்சு."

"நல்ல மெஷின்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அடுத்த திரைக்குப் போனான். வாய் தொங்கிய அந்த முகம் வந்தது. அதன் உதட்டுக் கோட்டை அப்படி வளைத்தவன் அவன்தான். விரல் வியர்த்திருந்ததால் முதல் தடவை திரை கேட்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே அம்மா போய்விட்டாள். யாரையும் காக்க வைக்கவில்லை.