பொலாமாவிலிருந்து வந்த கருவாடு

இஸ்னாபா நாங்கள் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கோயிம்ப்ரா நகருக்குப் படிக்க வந்து சேர்ந்தபோது வகுப்புகள் தொடங்கிப் பல வாரம் ஆகியிருந்தது. விசாவுக்கு அலைந்தே பாதி உயிர் போயிருந்தது அவனுக்கு. எங்கள் நாடான கினியிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதிதான். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் இடம் போச்சு.

அவன் விமானத்தில் இருக்கும்போதே, ஊரில், பொலாமாத் தீவில் அவன் தாய் இறந்துபோனாள்.

செய்தி மலாமுக்கு வந்தது. கட்டட மேஸ்திரி, இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் பெரியவர். "கையெழுத்து போடுற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. தெரிஞ்சா திரும்பிப் போயிடுவான்" என்றார்.

"பெத்தவ செத்த சேதியவா மறைக்கிறது?" என்று கேட்டேன். மாணவர் உணவகத்தில் சோறாக்குகிறவள் பேச்சு எந்தச் சபையில் எடுபடும்?

ஆனால் துக்கம் விழுந்தவனைத் தனியே விடுவதும் எங்களிடம் கிடையாது. ஞாயிறு மதியம் கூட்டமாகக் கிளம்பினோம். அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி எர்மீனியா, இந்த நாட்டுக்காரி, விருந்தாளி என்றாலே கதவைச் சாத்துகிறவள். மலாம் அவளிடம் உண்மையைச் சொல்லி அனுமதி வாங்கினார். பையனுக்கு இன்னும் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பெரியவர் சொல்லும்வரை சாவுச் செய்தியைக் குழந்தைகூட வாய்விட்டுப் பேசாது.

அவனை வரவேற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான் பாவி. "உக்காருங்க மாமா. அக்கா, நீங்க கட்டில்ல உக்காருங்க. இங்க யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்கன்னு பயமுறுத்தினாங்களே" என்று சிரித்தான். அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, செம்பனை எண்ணெயில் வதக்கி, சோற்றோடு பரிமாறினான்.

"ஈ மொய்க்கும்னு பக்கத்துலயே உக்காந்து காய வெச்சா. இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க மாமா."

மலாம் தின்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னக்கா, இவங்க சோத்தைத் தின்னு நம்ம ருசி மறந்துபோச்சா?"

அப்போதுதான் எர்மீனியா துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தி, சூப்புப் பாத்திரத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நல்ல மனசு, அதைக் குறை சொல்ல மாட்டேன். பாத்திரத்தை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா ஆத்மா சாந்தியடையட்டும் தம்பி. எங்கம்மா போனப்பவும் நான் பக்கத்துல இல்ல."

அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் தட்டைப் பார்த்தோம்.

"எப்போ?"

"நீ விமானத்துல இருந்தப்ப" என்றார் மலாம். "நாளைக்குச் சொல்லலாம்னுதான்..."

"அடக்கம்?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

இஸ்னாபா அழவில்லை. எங்கள் கையிலிருந்த தட்டுகளை வாங்கி வைத்தான். பிறகு வாணலியைப் பார்த்தான். அதில் எண்ணெய்தான் மிச்சம் இருந்தது.

"அவ கைபட்டது இவ்வளவுதான் இருந்துச்சு" என்றான். "அதையும் என் கையாலயே உங்களுக்குப் போட வெச்சுட்டீங்களே."

திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். மலாம் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அதன்பிறகு எங்களில் எவர் போய்த் தட்டினாலும் அவன் கதவைத் திறக்கவில்லை.